பழைய விலாசம்

கூடத்தில் கிடத்தியிருந்த அக்காவின் தலைக்கடியில் சால்வையை மடித்து வைத்துவிட்டுத் தம்பி நிமிர்ந்தபோது, கேட்டுக்கு வெளியே ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். முக்கால் மணி நேரமாக அதே இடம், அதே வெயில். உள்ளே வருவதாகவும் இல்லை, போவதாகவும் இல்லை.

ரேடியோ என்பது அக்கா வைத்த பெயர். ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் இருவருக்கும் பதினெட்டு வருஷமாக அடுத்தடுத்த நாற்காலி. போன் அடிக்காத நிமிஷத்தில் அவள் வாய் மூடியதே கிடையாதாம். "காது ரெண்டும் புண்ணாப்போச்சுடா" என்று அக்கா வீட்டுக்கு வந்து அலுத்துக்கொள்வாள். ரேடியோ லீவு போட்ட நாளில், "ஆபீஸ் ஆபீஸாவே இல்லடா" என்று அதற்கும் அலுத்துக்கொள்வாள்.

போன மாதம் ஊருக்குள் ஒரு கட்டடம் சரிந்தது. அன்று ஒரே ஷிப்ட்டில் இருநூறு அழைப்பு. இடிபாட்டுக்குள்ளிருந்து பேசியவர்களும் உண்டு. வண்டி போய்ச் சேர்ந்ததும் லைனை வைத்துவிட வேண்டும். பிழைத்தார்களா இல்லையா என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை. மறுவாரம் ஆபீஸ் ஆளுக்கொரு ரப்பர் பந்தும், மனஅழுத்தத்தை வெல்லப் பத்து வழிகள் என்று ஒரு நோட்டீசும் கொடுத்தது. அடடா, என்ன பெரிய மனசு! அக்கா அந்த நோட்டீசை விரித்து அதன்மேல் வெங்காயம் உரித்தாள். உரித்து முடித்து வெகுநேரம் ஆன பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "என்னக்கா?" என்றதற்கு, "வெங்காயம்டா" என்றாள். அவனும் நம்பியதுபோல இருந்துவிட்டான்.

இன்று காலை ஆறரைக்கு அவள் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். தம்பி போன் போட்டான். எடுத்தது ரேடியோ.

அழைப்பது யாராக இருந்தாலும் முதல் கேள்வி விலாசம்தான். ஒரு நாளும் தவறாதவள், அவன் குரலைக் கேட்டதும் பதறிப்போய் அதைக் கேட்கவில்லை. அக்கா வீடு அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்த விலாசத்தைக் கம்ப்யூட்டரில் தட்டி வண்டியை அனுப்பிவிட்டு, "நெஞ்சை அழுத்துங்க தம்பி, நான் எண்ணுறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணத் தொடங்கினாள். அவர்கள் வீடு மாறி நாற்பது நாள் ஆகியிருந்தது. சாமான் ஏற்றுவதற்குக்கூட ரேடியோ வந்திருந்தாள். ஆனால் விரலுக்குப் பழகியிருந்தது பழைய வீடு. வண்டி ஒன்பது நிமிஷம் பிந்திவிட்டது.

கொஞ்ச நேரத்துக்கு முன்பு அவர்கள் மேலதிகாரி வந்திருந்தார். அக்காவைக் கும்பிட்டுவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"விசாரணைக்கு உங்க ஸ்டேட்மென்ட் வேணும் சார். போனை எடுத்தவங்களை வீட்டுல இருக்கச் சொல்லிட்டோம். நீங்க இன்னைக்கே எழுதணும்னு இல்ல. எழுதிட்டா எங்களுக்கு நல்லது."

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் மேல் மட்டுமா? ரேடியோ மேலும்தான். ஒன்பது நிமிஷம்! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் இப்போது கேட்டைத் திறந்தான்.

"விலாசம் கேட்கலையே தம்பி" என்றாள் ரேடியோ. உதடு வறண்டு வெடித்திருந்தது. "ஊர்ல உள்ளவங்க எல்லார்கிட்டயும் கேட்டேன். என் அக்காவுக்குன்னு வந்தப்போ கேட்கலையே."

நறுக்கென்ற நாலு வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நானும்தான் சொல்லல. நீங்கதானேன்னு விட்டுட்டேன். காகிதத்துல அதைத்தான் எழுதப்போறேன்" என்றான். பிறகு, "நான் பாக்கும்போதே அக்கா போயிட்டாளாம். வண்டி பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றான்.

ரேடியோ அவனையே பார்த்தாள். நாள் முழுக்கக் குரலை மட்டும் வைத்து ஆளை எடைபோடுகிறவள்.

"டாக்டர் அப்படிச் சொல்லல."

அவன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லல. எதையும் உறுதியா சொல்ல முடியாதுன்னார்."

"அப்புறம் எதுக்கு தம்பி?"

காலையிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னான்.

"அஞ்சே முக்காலுக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு. பூனை எதையோ தள்ளிருச்சுன்னு நினைச்சேன். திரும்பிப் படுத்துட்டேன்."

ரேடியோ முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். காலையில் போனில் எண்ணினாளே, அந்தக் குரல் வந்தது. பதறாத, மெதுவான குரல்.

"யாரா இருந்தாலும் பூனைன்னுதான் நினைப்பாங்க தம்பி. அந்தச் சத்தத்துலயே முடிஞ்சிருக்கும். நீங்க எந்திரிச்சு வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அது அவளுக்கும் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் உள்ளே போனாள். அக்காவின் இடது பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். ஆபீசில் அவள் உட்காரும் பக்கம் அதுதான் போல.