பன்னிரண்டாம் பக்கம்

மலர்கொடி ஊரெல்லாம் அடித்துவைத்த தம்பட்டம் ஒன்று உண்டு. "எங்க இளவேனில் புஸ்தகத்தப் பாக்காமயே இங்கிலீஷ் படிக்கும்ங்க." முத்தாண்டிக்குப்பத்தில் இதைக் கேட்காத வீடு கிடையாது. விருந்தாளி யார் வந்தாலும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்துவிடுவாள். பிள்ளையும் மாட்டைப் பற்றிய அந்தப் பாடத்தைத் தங்குதடையில்லாமல் சொல்லும். வந்தவர்கள் காபியை ஆறவிட்டுவிட்டு வாயைப் பிளப்பார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, மலர்கொடி சொன்னதில் பொய்யே இல்லை. பிள்ளை பார்க்காமல்தான் படித்தது. பார்த்தால் அதற்குப் படிக்கத் தெரியாது.

இந்தக் குட்டை உடைத்தவர் நெய்வேலி நகரியத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கும் அம்சவல்லி மிஸ். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த மலர்கொடியை வகுப்புக்குள் அழைத்து உட்காரவைத்தார். இளவேனிலிடம் புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். பிள்ளை மாட்டுப் பாடத்தைக் கடகடவென்று சொன்னது. விரல் வரிவரியாக ஓடியது. மலர்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை.

"எந்தப் பக்கம்னு எட்டிப் பாருங்க," என்றார் மிஸ்.

எட்டிப் பார்த்தாள். இருபதாம் பக்கம். அதில் மாடும் இல்லை, கன்றும் இல்லை. ஒரு ரயில்வண்டிப் படம்தான் இருந்தது.

மலர்கொடி முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் தானே வாசித்துக் காட்டி, நூறு தடவை சொல்லவைத்து, உருப்போட வைத்தவள் அவள்தானே.

"எழுத்தோட பேரெல்லாம் பாப்பாவுக்குத் தெரியுதுங்க. எந்த எழுத்து என்ன சத்தம் போடும்னுதான் தெரியல. ஃபோனிக்ஸ்னு சொல்றது அதைத்தான்," என்ற மிஸ், ஒவ்வோர் எழுத்துக்கும் சத்தம் எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்தார். "தினமும் அரை மணி நேரம் வீட்ல சொல்லிக் குடுங்க. மூணு வாரம் பாக்கறேன். அப்பவும் வரலன்னா, இங்கிலீஷ் பீரியடுக்கு மட்டும் ஒண்ணாவதுல போய் உக்காரட்டும்."

ஒன்றாம் வகுப்பில்தான் இளவேனிலின் தம்பி வளவன் இருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் மொபெட்டின் முன்னால் நின்றுகொண்டு வந்தவன் திரும்பிப் பார்த்து, "அக்கா, எம் பக்கத்துல ஒனக்கு எடம் புடிச்சி வெக்கட்டா?" என்று கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான். அதுதான் கொடுமை. பின்னால் உட்கார்ந்திருந்த இளவேனில் அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சேலை நனைவது மலர்கொடிக்குத் தெரிந்தது.

வீட்டில் புருஷன் விஜயராஜ் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மைன்ஸில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டில் அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை.

"ட்யூஷன்ல போட்டுடு மலரு. நாம ரெண்டு பேரும் தமிழ் மீடியம். நமக்கு இன்னா தெரியும்?"

"அங்கயும் மனப்பாடந்தாங்க பண்ண வெப்பாங்க. அந்த வேலைய நானே செஞ்சிட்டேனே. நான் கெடுத்தத நாந்தான் சரி பண்ணணும்."

சொன்னாள் என்றால் செய்வாள். அந்த விஷயத்தில் அவள் உடும்பு.

மறுநாளே சிமென்ட் தரையில் சாக்பீஸால் 'பஸ்' என்று இங்கிலீஷில் எழுதினாள். தினமும் பார்க்கிற சாமான், சுலபமாக இருக்கும் என்பது அவள் கணக்கு. பி, யூ, எஸ் என்று பெயர் சொல்லாமல் சத்தம் சொல்ல வேண்டும். தாளைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல, இளவேனிலும் சொன்னாள்.

"பு. அ. சு."

"சேத்துச் சொல்லு."

"புவசு."

நம் வாய்க்கு 'உ' என்று ஒரு வால் ஒட்டாமல் ஒரு சத்தத்தை வெளியே விடத் தெரியாது. பஸ்ஸைப் பஸ்ஸு என்போம், பெல்ட்டைப் பெல்ட்டு என்போம். தாய்க்கு என்ன வாயோ அதுதானே மகளுக்கும். நான்கு நாள் ஓடியும் பஸ் வரவில்லை, புவசுதான் வந்தது. ஐந்தாம் நாள் பிள்ளை சாக்பீஸை வீசி எறிந்தது.

"எனக்கு வராதும்மா. நான் தம்பிகூடயே உக்காந்துக்கறேன்."

மலர்கொடி எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெங்காயம் உரிப்பதுபோல் நின்று அழுதாள். தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூன்று வாரம் என்பது இன்னும் இரண்டு வாரமும் இரண்டு நாளும்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு குழம்பைக் கிண்டினாள்.

கூடத்தில் வளவன் அப்பாவிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தான்.

"பெல்ட்டுக்கு அடியில வரிசையா ரோலரா இருக்கும்டா. அதுல ஒண்ணு கெட்டா கண்ணால கண்டுபுடிக்க முடியாது. நடந்துக்கினே காதால கேக்கணும். நல்ல ரோலரு 'ம்ம்ம்'னு ஓடும். கிரீஸ் காஞ்சிச்சின்னா 'ஸ்ஸ்ஸ்'னு கத்தும். வுட்டா 'ர்ர்ர்'னு உறும ஆரம்பிச்சிடும்."

மலர்கொடி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"ரெண்டாவதா சொன்னீங்களே, அத இன்னொருவாட்டி சொல்லுங்க."

"ஸ்ஸ்ஸ்."

"'சு' இல்லியே?"

"ரோலரு எங்கனா 'சு'ன்னு கத்துமா? அது நிக்காம சுத்திக்கினு கெடக்குது. ஸ்ஸ்ஸ்தான்."

அவ்வளவுதான். அடுப்பை அணைத்தாள். மூன்று சிலேட்டை எடுத்து ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதினாள். வளவன் கையில் ஒன்று, தன் கையில் ஒன்று, புருஷன் கையில் ஒன்று. மூன்று பேரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தினாள்.

"நாங்க மூணு பேரும் ரோலரு. நீதான் பெல்ட்டு. எங்கயும் நிக்கக் கூடாது. ஒவ்வொருத்தர் முன்னால வரும்போதும் அவங்க சத்தத்த வாங்கிக்கினு ஓடிக்கினே இரு."

இளவேனில் வேண்டாவெறுப்பாக நடந்தாள். வளவன் 'ஸ்ஸ்ஸ்' என்றான். அம்மா 'அ' என்றாள். அப்பா 'ன்ன்ன்' என்றான்.

"வேகமா."

"ஸ்ஸ்அன்ன். ஸ்அன். ஸன்." பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. "ஸன்னா சூரியன்தானம்மா?"

மலர்கொடி வேகமாகத் தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பெல்ட் நிற்கவே இல்லை. விஜயராஜ் இரண்டாம் ஷிப்ட் போன வாரத்தில் அவன் இடத்தில் தண்ணீர் டிரம் நின்றது, சிலேட்டைத் தாங்கிக்கொண்டு. ரோலர் வேலைக்கு பிஸ்கட் வேண்டும் என்று வளவன் ஸ்டிரைக் செய்தான். அதற்கும் மலர்கொடி மசிந்தாள். நகரியத்து ரோட்டில் 'ஸ்டாப்' போர்டைக் கண்டால் வண்டியை நிறுத்தி, பிள்ளை எழுத்துக் கூட்டும்வரை நின்றாள். பின்னால் ஹாரன் அடித்தவரிடம், "பிள்ள படிக்குதுங்க, சுத்திப் போங்க," என்றாள்.

எல்லாம் ஒழுங்காக வந்துவிடவில்லை. "இந்த எழுத்து சத்தமே போடாம நிக்குதேப்பா," என்று ஒருநாள் இளவேனில் முறையிட்டாள். "அது பெர்மனென்ட் ஆளும்மா. சும்மா நின்னாலும் யாரும் கேக்க முடியாது. தாண்டிப் போ," என்றான் விஜயராஜ்.

மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை வந்தது. மலர்கொடி வகுப்பு வாசலில் நின்றாள். அம்சவல்லி மிஸ் திருத்த வேண்டிய நோட்டுக் குவியலுக்கு நடுவிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளை முன்னால் வைத்தார்.

வாசலிலிருந்தே மலர்கொடிக்குப் படம் தெரிந்தது. மாடு. பன்னிரண்டாம் பக்கம்.

அவள் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. குலசாமி வந்து திறந்த பக்கம். கடகடவென்று சொல்லிவிட்டு வந்துவிடு தாயே என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

இளவேனில் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை மெதுவாக மிஸ் பக்கம் தள்ளினாள்.

"இது வேணாம் மிஸ். இது எனக்கு மனப்பாடம். வேற குடுங்க."

அடிப் பாவி மகளே என்று மலர்கொடிக்கு வாய்வரை வந்துவிட்டது. ஓடிப்போய் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது. மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். பிள்ளையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினார். அதில் ஒரு தவளை.

விரல் முதல் வரிக்குப் போய் நின்றது. கடிகாரம் ஓடியது. "ஃப்ஃப்… ர்ர்…" என்று ஆரம்பித்தாள். வராந்தாவில் போன இரண்டு பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். இளவேனில் தலை நிமிரவில்லை. "ஃப்ர்ஆ… ஃப்ராக்." விரல் நகர்ந்தது. நான்கு வரிதான். அதைப் படித்து முடிப்பதற்குள் மலர்கொடி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். இரண்டு இடத்தில் தப்பு. ஒன்றைப் பிள்ளையே திரும்பப் போய்த் திருத்திக்கொண்டது.

"நீ இங்கயே உக்காரு," என்றார் மிஸ். "ஒண்ணாவதுக்கெல்லாம் போவேணாம்."

மலர்கொடி பிள்ளைகள் இருவரையும் வண்டி நிறுத்தத்துக்குக் கூட்டிவந்தாள். அப்புறம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏண்டி, தெரிஞ்ச பக்கத்தத்தான குடுத்தாங்க. சொல்லிட்டு வர வேண்டியதுதான? என் உசுரே போயிடுச்சி."

"அது நீ படிச்சதும்மா," என்றாள் இளவேனில். "நான் படிச்சது தவளதான்."

மலர்கொடி வண்டியை உதைத்தாள். கிளம்பவில்லை. சாவி போடாமலே உதைத்துக்கொண்டிருக்கிறாள் என்று வளவன்தான் சொன்னான்.