ஒட்டுக் குரல்

விடியற்காலையிலேயே ஒலிப்பதிவுக் கூடத்தின் தடித்த கதவைச் சாத்திவிடுவார்கள். பகலெல்லாம் பாடகி அம்மையாருக்குப் பாராட்டு விழாக்கள் என்பதால் பதிவு அந்நேரத்தில்தான். மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள்; அதன் இரைச்சல் மைக்கில் விழுமாம். வளையலைக் கழற்றி, செருப்பை வெளியே விட்டு, கோரஸ் பாடும் நாங்கள் வியர்வை ஒழுக நிற்போம். பசியில் வயிறு உறுமினால்கூட கூடத்து முதலாளி முறைப்பார்.

அம்மையார் திரைப்பாட்டின் அரசி. அரசியின் பூர்வீகம் எங்களுக்குத் தெரியும். எங்கள் வரிசையின் ஓரத்தில் நின்று 'ஆ... ஆ...' என்று இழுத்தவர்தான். அந்தக் காலத்துப் பெரிய பாடகிக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது, இவருக்கு அடித்தது யோகம். குரலும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் பட்டம், கார், பேட்டி. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டார்.

அந்தக் குரல் உச்சத்தில் உடையத் தொடங்கி வெகுகாலமாயிற்று. எங்களில் ஒருத்தி முதலில் முழுப் பாட்டையும் மாதிரிக்குப் பாடி வைப்பாள். அம்மையார் அதைக் காதில் கேட்டபடி பாடுவார். அவருக்கு எட்டாத இடங்களில் மாதிரிக் குரலையே ஒட்டிவிடுவார்கள். அப்படிப் பாடுகிறவளை நாங்கள் உச்சி என்று கூப்பிடுவோம். மூச்சு உச்சியுடையது, விருது அம்மையாருடையது. வெட்கங்கெட்ட பிழைப்பு.

அன்று கர்ப்பிணியான உச்சியை ஒரு பாட்டின் உச்சத்தை மறுபடி மறுபடி பாடச் சொன்னார்கள். காற்றில்லாத அறையில் அப்படியே சரிந்தாள். கதவைத் திறந்து தண்ணீர் தெளித்தோம். அவள் கண் திறந்ததும், நாளையிலிருந்து வர வேண்டாம், இன்றைக்கு அந்த இடத்தை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றார் முதலாளி.

"நாளைக்கு அவ இல்லன்னா இன்னிக்கே நாங்க இல்ல சார்," என்றாள் எங்களில் மூத்த அக்கா.

"வெளிய உங்கள மாதிரி எத்தனையோ பேரு நிக்கிறாங்க."

"கூப்பிட்டுப் பாருங்க."

பிள்ளை பெற்று வந்தபின்னும் உச்சிக்கு வேலை, எல்லோருக்கும் இடையிடையே கதவைத் திறந்து மூச்சுவிட நேரம். இவை இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு மைக்கை விட்டு விலகித் தரையில் உட்கார்ந்தோம்.

வேறு வழியில்லாமல் அம்மையாரே பாடினார். குரல் ஏறியது, உச்சத்தில் கிழிந்தது. மறுபடியும் கிழிந்தது. வயலின்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பரிதாபமே வரவில்லை.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குழைந்தபடி எங்களிடம் வந்தார். "நானும் இந்த வரிசையில நின்னவதானே. எனக்கே இப்படிப் பண்ணலாமா?"

சுவரில் சாய்ந்திருந்த உச்சி நிமிர்ந்து பார்த்தாள். "வரிசை இங்கயேதாம்மா இருக்கு. வந்து உக்காருங்க."

அம்மையார் விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டார்.

முதலாளி வேறு கோரஸ்காரர்களுக்கு ஆளனுப்பினார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள். தரையில் கிடந்த எங்களைக் கண்டதும் வாசலிலேயே தயங்கினார்கள். என்ன ஏதென்று கேட்டதற்கு அக்கா நடந்ததைச் சொன்னாள். முதலாளி அவர்களை மைக் பக்கம் விரட்டினார். முன்னால் நின்ற கட்டைக்குரல்காரி அவரைப் பார்த்தாள். உச்சியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு வளையல்களோடேயே நேராக என்னிடம் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா," என்றாள்.