சுண்ணாம்புக்கு அடியில்

றப்பர் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராதான் என்றாலும், வருகிறவர்கள் சுவரைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. அந்தோனியம்மாவுக்கு அப்படி ஒரு ரோஷம்.

அவள் புருஷன் யேசுதாசனோ அந்தச் சுவரில்தான் கரியால் கிறுக்கி வைத்திருந்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சுவரில் ஓடிய வெடிப்பின் நுனியில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. ஏழரை மாதத்தில் முப்பத்திரண்டு கோடுகள்.

"வெயிலுக்கு வெடிச்சதுன்னா நூல் மாதிரி நிக்கும் புள்ள. இது மூலைவாக்குல ஓடுது, மேல போகப் போக அகலுது. அத்திவாரம் எறங்குது," என்பான். தோட்டத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து, சுவரைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று சொல்ல வைத்தான். வருகிறவர் எழுதிக் கொடுத்தால்தான் வேறு காம்பரா கிடைக்கும்.

சுவரைப் பார்க்கக் கேகாலையிலிருந்து ஒரு மாத்தயா, சிங்கள அதிகாரி, வருகிறார் என்றதும் அந்தோனியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் வருகிற அன்று காலை யேசுதாசன் றப்பர் பால் வெட்டப் போனதும் வெடிப்பைக் களிமண் வைத்து அடைத்தாள். மேலே இரண்டு பூச்சு சுண்ணாம்பு. கோடும் தேதியும் அவள் கண்ணுக்கு வெறும் அழுக்கு. பாவி மகள், அதையும் சேர்த்து மறைத்தாள்.

மாத்தயா சொன்ன நேரத்துக்கு முன்பே, யேசுதாசன் வேலையிலிருந்து திரும்புமுன், வந்துவிட்டார். தேத்தண்ணீர் குடித்தார். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதாகச் சிங்களத்தில் மெச்சினார். சுண்ணாம்பில் மெல்லிசாகத் தெரிந்த கோட்டைப் பார்த்து, இது பூச்சு வெடிப்புத்தான், பயமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

யேசுதாசன் வந்து, கோடுகள் இருந்த இடத்தை விரலால் தடவினான்.

"அவருக்குக் காட்டத்தானே புள்ள எழுதுனேன்," என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அடுத்த மாதம், 2003 மே, அடைமழை. மழையில் பால் வெட்டு இல்லாததால் அவன் வீட்டிலிருந்தான். அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். குடம் நிறைவதற்குள் சத்தம் கேட்டது. ஓடி வந்தபோது சுவர் இல்லை. அவனை உயிரோடு எடுக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அதே மாத்தயா வந்தார். மற்றக் காம்பராக்களையும் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து வெடித்தது என்று அவளிடம் கேட்டார்.

இடிபாட்டிலிருந்து ஒரு காரைத் துண்டைத் தூக்கி வந்தாள். மழையில் சுண்ணாம்பு கரைந்திருந்தது. மிச்சத்தை நகத்தால் சுரண்டினாள். யேசுதாசனின் கையெழுத்து தெரிந்தது. முதல் கோட்டின் தேதியைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினாள்.

"போதும்மா," என்றார் அவர், தலை குனிந்தபடி.

"இருங்க மாத்தயா," என்றாள். "இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு."