ஒரே குடும்பத்துச் சித்தப்பா

பள்ளி வேனின் முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு ஜம்மென்று வந்து சேர்ந்தார் சித்தப்பா. ஓட்டுநர் அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கி வந்து உயிரியல் ஆய்வகத்தில் நிறுத்தினார். தவளை டீச்சர் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். வலது கை மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது. இடது காலில் பாதத்தைக் காணோம்.

பதறாதீர்கள். சித்தப்பா ஓர் எலும்புக்கூடு, அதுவும் பிளாஸ்டிக். டீச்சரும் தவளை இல்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம் அவள் நடத்திய செய்முறை வகுப்பில், மயக்கம் தெளிந்த தவளையொன்று தட்டிலிருந்து தாவித் தலைமையாசிரியரின் மடியில் போய் உட்கார்ந்தது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை போகவில்லை.

மூன்று பள்ளிகளுக்கும் ஒரே நிர்வாகம். 'மூன்று பள்ளி, ஒரே குடும்பம்' என்று தாளாளரம்மா சுவரில், வேனின் முதுகில், குடிநீர்த் தொட்டியில்கூட எழுதி வைத்திருந்தார். குடும்பம் என்றால் பகிர்ந்துகொள்ள வேண்டாமா? அதனால் மூன்று பள்ளிக்கும் சேர்த்து ஒரே எலும்புக்கூடு. கூடு விட்டுக் கூடு பாய்கிறவர்களைக் கதையில் கேட்டிருக்கிறோம். பள்ளி விட்டுப் பள்ளி பாய்கிற கூட்டை இங்கேதான் பார்க்கலாம். பெரிய பள்ளியில் அதற்குத் தலைவர் என்று பெயர். நடுப்பள்ளியில் மாப்பிள்ளை. ஊர்க்கோடியில் இருக்கும் இந்தச் சின்னப் பள்ளியில் சித்தப்பா.

முறை வைத்து அனுப்பினால் மட்டும் போதுமா? கொடுத்த கூடு நம் முறைக்கு ஒழுங்காகத் திரும்பி வரும் என்று யார் கண்டது? அதனால் ஒரு வழக்கம் தானாக முளைத்தது. யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. அனுப்பும்போது ஓர் எலும்பை மட்டும் கழற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது. பிணைக்கைதி மாதிரி. அப்போதுதானே மற்றவர்கள் நம்மை மதிப்பார்கள்! படித்தவர்கள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். படித்தவர்கள்தான் செய்தார்கள். தவளை டீச்சரின் அலமாரியில்கூட, பரிசோதனைக் குழாய்களுக்குப் பின்னால், பழைய துணியில் சுற்றிய கீழ்த்தாடை ஒன்று பத்திரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

"டீச்சர், நாளைக்கு தாளாளரம்மா நேர்ல வர்றாங்க. உங்க வகுப்பத்தான் பாக்கணுமாம்."

"என் வகுப்பையா? எதுக்கு சார்?"

"மூணு பள்ளியும் எப்படி ஒத்துமையா வேலை செய்யுதுன்னு பாக்கணுமாம். அப்புறம்..." அவர் குரலைத் தாழ்த்தினார். "மூணு லேப் எதுக்குன்னு ஒரு பேச்சு அடிபடுது. நம்மளோடதுதான் இருக்கறதுலயே சின்னது. மூடினா உங்களப் பெரிய பள்ளிக்கு மாத்திடுவாங்க போல."

தவளை டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பெரிய பள்ளிக்குப் பஸ் மாறிப் போக வேண்டும். இந்தப் பள்ளியோ அவள் வீட்டுத் தெருமுனையில் இருந்தது. மதிய மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய், இடுப்பு முறிந்து படுத்திருக்கும் மாமியாரை எழுப்பி, கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போய், சாப்பாடு கொடுத்துவிட்டு, அடுத்த மணிக்குள் திரும்பி ஓடி வருவாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூரில். இடம் மாறினால் அந்த அம்மாளை யார் எழுப்புவார்கள்?

கையும் காலும் இல்லாத சித்தப்பாவை வைத்துக்கொண்டு எந்த ஒற்றுமையைக் காட்டுவது? வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

முதலில் நடுப்பள்ளிக் கண்ணாடி சார். மனிதர் மகா சாது, சத்தமாகத் தும்மக்கூட யோசிப்பார்.

"சார், மாப்பிள்ளையோட இடது பாதம் உங்ககிட்ட இருக்கா?"

"ஹலோ... ஹலோ... டீச்சர், சிக்னல் சரியா இல்ல. நானே அப்புறமா கால் பண்றேன்."

"கால் பண்ண வேணாம் சார், காலக் குடுத்தா போதும்!"

அந்தப் பக்கம் சிக்னல் உடனே சரியாகிவிட்டது. "பீரோவுல பத்திரமா இருக்கு டீச்சர்," என்றார். "தினம் தொடச்சு வைக்கறேன்."

அடுத்தது பெரிய பள்ளியின் பெரியக்கா. மூன்று பள்ளியிலும் மூத்த உயிரியல் ஆசிரியை, மைக் தேவைப்படாத குரல். இரண்டு பேரும் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. 'ஒரே குடும்பம்' வாட்ஸாப் குழுவில் தினமும் காலையில் ஒருவருக்கொருவர் ரோஜாப்பூ அனுப்பிக்கொள்வார்கள், அது கணக்கில் சேராது.

"அக்கா, நான்தான், சின்னப் பள்ளி."

"அடேயப்பா! எங்க ஞாபகம்லாம் இருக்கா?"

"ஒரு கை வேணும்க்கா."

"உதவியா? எலும்பா?"

"ரெண்டும்தான்."

"கையத் திருடி வச்சிருக்கேன்னு சொல்ல வர்றியா? நீ மட்டும் பெரிய யோக்கியமா? தாடையக் கழட்டி வச்சுக்கிட்டு, போன வருஷம் முழுக்க எங்க தலைவர வாயில்லாம நிக்க வச்சவ நீதானே? பிள்ளைங்க என்னைப் பாத்து சிரிச்சாங்க, தெரியுமா?"

"தப்புதான்க்கா," என்றாள் தவளை டீச்சர். வேறு என்ன சொல்ல? பிறகு தாளாளரம்மா வருகிற விஷயத்தைச் சொன்னாள். மாமியாரைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெரியக்காவிடம் போய் இரக்கத்துக்குக் கையேந்துவதா?

"பாக்கறேன்," என்று பெரியக்கா போனை வைத்தாள்.

மறுநாள் காலை பள்ளிக் கதவு திறக்குமுன்பே பெரியக்கா வந்துவிட்டாள். காவலாளி தவளை டீச்சரின் வீட்டைக் கைகாட்ட, நேராக அங்கேயே போய் நின்றாள். உள்ளே தவளை டீச்சர், தன்னைவிட இரண்டு மடங்கு கனமான மாமியாரைத் தோளில் சாய்த்து, அங்குலம் அங்குலமாக நடத்திக்கொண்டிருந்தாள். பெரியக்கா கையிலிருந்த துண்டுப் பொட்டலத்தை மேசையில் போட்டுவிட்டு மறுபக்கம் ஓடிப் பிடித்துக்கொண்டாள். பொட்டலம் அவிழ்ந்து ஐந்து விரல்கள் எட்டிப் பார்த்தன.

"அய்யய்யோ! யாரு கை அது?" என்று அலறினாள் மாமியார்.

"பயப்படாதீங்கம்மா, ஸ்கூல் கை."

"ஸ்கூலுக்கு எதுக்குடி கை?"

மாமியாரைப் படுக்க வைத்த பிறகு பெரியக்கா கேட்டாள். "தினமும் இப்படித்தானா?"

"ஆமாக்கா. மத்தியானமும் ஓடி வருவேன்."

பெரியக்கா கையைத் துண்டில் சுற்றிக்கொண்டாள்.

வகுப்பு தொடங்கியபோது மூன்று பேரும் ஆய்வகத்தில் இருந்தார்கள். கண்ணாடி சார் சாப்பாட்டுப் பையிலிருந்து பாதத்தை எடுத்தார். தவளை டீச்சர் தாடையை எடுத்தாள். பிள்ளைகள் முன்னாலேயே சித்தப்பாவை முழுசாக்கினார்கள். கண்ணாடி சார் பாதத்தைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு, "ஏதோ உறுத்துதே," என்றார். "சித்தப்பா வர்றாரா, போறாரா சார்?" என்று பெரியக்கா கேட்க, வகுப்பே வயிறு குலுங்கச் சிரித்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டு பாடம் ஓடியது. இத்தனை வருடமாக இதை ஏன் செய்யவில்லை என்று தவளை டீச்சருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாசலில் தாளாளரம்மா கண்கலங்கி நின்றிருந்தார்.

"இதத்தான் நான் கனவு கண்டேன்!" என்று உள்ளே வந்தார். "மூணு பள்ளி, ஒரே குடும்பம்! இவ்வளவு ஒத்துமையா இருக்கறவங்களுக்கு எதுக்குத் தனித்தனியா மூணு லேப்? பெரிய பள்ளியில ஒரே லேப். மூணு பேரும் அங்க ஒண்ணாவே இருங்க. பிள்ளைங்கள பஸ்ல கூட்டிட்டு வந்துடலாம். ஒருங்கிணைப்பாளர் பெரியக்காதான். தனி அறை, வாசல்ல பேர்ப்பலகை, எல்லாம் உண்டு."

ஒற்றுமையைக் காட்டாவிட்டால் ஆபத்து என்று தவளை டீச்சர் நினைத்திருந்தாள். காட்டியதே வினையாகிவிட்டது. பெரியக்கா அந்தப் பதவிக்கு எத்தனை காலமாக ஏங்குகிறாள் என்பது மூன்று பள்ளிக்கும் தெரியும். பேர்ப்பலகையில் எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தவள். இனி யார் தடுப்பது?

"இவளோடயா?" என்று ஒரு குரல் கூரையைப் பிளந்தது. பெரியக்காதான். "ஒரே ரூம்லயா? என்னால முடியவே முடியாதும்மா!"

"ஏம்மா, இப்பதானே சிரிச்சுப் பேசினீங்க?"

"அதெல்லாம் நீங்க வர்றீங்கன்னு போட்ட வேஷம்! இவளுக்கு ஒரு திருகாணி முடுக்கத் தெரியுமா? தாடையத் திருடினவம்மா இவ! அரைவேக்காடு!"

தவளை டீச்சருக்குச் சுரீரென்றது. "யாரு அரைவேக்காடு? நீங்க பாடம் எடுத்தா பெஞ்சுகூட கொட்டாவி விடும்!" என்று உண்மையாகவே கத்திவிட்டாள். அப்போது மேசைக்கு அடியில் பெரியக்காவின் செருப்பு அவள் காலை நறுக்கென்று மிதித்தது. நிமிர்ந்து பார்த்தாள். பெரியக்கா ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

தவளை டீச்சருக்கு அப்போதுதான் இந்தச் சண்டை எதற்கென்று புரிந்தது. அவளும் விடவில்லை. "இவங்க இருக்கற ரூம்ல நான் கால்கூட வைக்க மாட்டேன்!" என்று அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

"எதுக்கு சண்ட, நல்லாத்தானே இருந்தோம்..." என்று குறுக்கே வந்தார் கண்ணாடி சார். பெரியக்கா அவரை ஒரு முறை முறைத்தாள். என்ன புரிந்ததோ, மனிதர் மண்டியிட்டுச் சித்தப்பாவின் பாதத்தைத் திருக ஆரம்பித்தார். "எங்க பள்ளிக் கால் எங்களுக்கு!" என்று வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கத்தினார். குரல் கீச்சென்று உடைந்தது. பிடிமானம் போன சித்தப்பா ஆடி அசைந்து தாளாளரம்மாவின் தோளில் கை போட்டுச் சாய்ந்தார். பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று கைதட்டினார்கள்.

"போதும்! நிறுத்துங்க!" தாளாளரம்மா சித்தப்பாவின் கையை விலக்கினார். "ஒரே லேபும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவங்கவங்க எடத்துலயே கெடங்க. உங்க மூணு பேரையும் ஒரே அறையில விட்டா அடுத்து நெஜ எலும்புதான் உடையும்." புடவையைச் சரி செய்துகொண்டு விடுவிடுவென்று வெளியேறினார்.

கார் புறப்பட்ட சத்தம் கேட்கும்வரை மூன்று பேரும் அசையவில்லை. பிறகு கண்ணாடி சார் தண்ணீர் கேட்டார்.

"அக்கா," என்றாள் தவளை டீச்சர். "உங்க பதவி... பேர்ப்பலகை..."

"யாருக்கு வேணும் அது? வீட்டு வாசல்ல மாட்டிக்கறேன், போ." பெரியக்கா சித்தப்பாவை நிமிர்த்தி வைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மதிய மணி அடித்தது.

"இன்னும் என்ன நின்னுட்டு இருக்க? மாமியார் காத்துட்டு இருக்க மாட்டாங்க? ஓடு!"

தவளை டீச்சர் ஓடினாள். பள்ளிக் கதவருகே போனதும் ஏதோ நினைவுக்கு வந்தவளாய்த் திரும்பினாள்.

"அக்கா! அரைவேக்காடுன்னு சொன்னீங்களே, அதுவும் நடிப்புதானே?"

"அது மட்டும் நெஜம்!" என்று ஆய்வக ஜன்னலிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி பதில் வந்தது.

தவளை டீச்சர் சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, வீட்டைப் பார்த்து ஓடினாள்.