ஏழுக்கு இறக்கச் சொன்னவர்

ஊரே விண்டோஸ் பதினொன்றுக்கு மாற வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்த நாட்களில், தெய்வசிகாமணி மட்டும் தன் லேப்டாப்பைக் கீழே இறக்கித் தரச் சொல்லி வந்தார்.

முத்தியால்பேட்டையில் சரிதாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒரே ஒரு அறைதான். அடுத்த அறை ஜலால் பாயின் மொபைல் கடை. இரண்டுக்கும் நடுவில் பாதிச் சுவர். ஒரு கடையில் பேசுவது மற்ற கடையில் நன்றாகக் கேட்கும்.

"இதுல பத்து இருக்குதும்மா. எடுத்துட்டு ஏழு போட்டுக் குடு" என்றார் அவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சிறிய சந்தனம். எந்தக் கல்யாண வீட்டிலும் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள், அப்படி ஒரு முகம்.

"ஏழு ரொம்ப பழசு சார். அப்டேட் எதுவும் வராது. வைரஸ் வந்தா ஒண்ணும் பண்ண முடியாது."

"நெட்டே போட மாட்டேன். வைஃபை வேலை செய்யாட்டியும் பரவால்ல. சொல்லப்போனா அத எடுத்தே வுட்டுடு."

"எதுக்கு சார் ஏழு?"

"மிஷின் ஒண்ணு இருக்குது. அதோட சாஃப்ட்வேர் ஏழுல மட்டுந்தான் ஓடும். பழைய லேப்டாப் கீழ வுழுந்து ஒடைஞ்சி போச்சி."

"என்னா மிஷின்?"

"தட்டாஞ்சாவடியில நம்ம பிளாஸ்டிக் கம்பெனி. அச்சு ஓட்டுற மிஷின்."

சரிதா அவருடைய கைகளைப் பார்த்தாள். பிளாஸ்டிக் கம்பெனிக்காரர்கள் பலருக்கு அவள் கம்ப்யூட்டர் பார்த்திருக்கிறாள். முதலாளியாகவே இருந்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் எண்ணெய்க் கறுப்பு தங்கியிருக்கும். இவருடைய நகங்கள் டாக்டருடைய நகங்கள் போல ஒட்ட வெட்டிச் சுத்தமாக இருந்தன. பில் வேண்டாம் என்றார். பேரமும் பேசவில்லை. பேரம் பேசாத ஆளை அவள் எப்போதுமே இரண்டாம் முறை பார்ப்பாள்.

அவர் போனதும் பாதிச் சுவருக்கு மேலே ஜலால் பாயின் தலை தெரிந்தது.

"கார்ல கிலோமீட்டர கொறைக்கிற மிஷினா இருக்கும் சரிதாம்மா. செகண்ட் ஹாண்ட் கார் விக்கிறவனுங்க வெச்சிருப்பானுங்க. அதுக்கும் பழைய விண்டோஸ்தான் வேணும்."

இருக்கலாம் என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் சந்தேகத்துக்காக வேலையைத் திருப்பி அனுப்பினால் கடை நடத்த முடியாது. பத்தை அழித்து ஏழை ஏற்றினாள். ஏழுக்கு இந்த லேப்டாப்பின் யூஎஸ்பி துளைகளை அடையாளம் தெரியவில்லை, மவுஸ் கூட நகரவில்லை. அவற்றை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரைத் தேடி எடுத்து உள்ளே சேர்த்து, ஒரு வழியாக ஓட வைத்தாள். அவர் வந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. மிஷினைச் செருகினால் லேப்டாப் ஏற்றுக்கொள்ளவில்லையாம். மிஷினைக் கடைக்குக் கொண்டு வரச் சொன்னாள். முடியாது, நீதான் வர வேண்டும் என்றார். குரலில் முன்பிருந்த நிதானம் இல்லை.

"தட்டாஞ்சாவடியில எங்க சார்?"

"அங்க இல்ல. அரியாங்குப்பம் வா. பாலம் தாண்டி நின்னு போன் பண்ணு."

சரிதா போனை வைத்தாள். பிளாஸ்டிக் அச்சு மிஷின் வீடு மாறி வருமா? ஜலால் பாயிடம் இடத்தைச் சொல்லி, "ஒரு மணி நேரத்துல நான் பேசலன்னா நீங்க கூப்புடுங்க பாய்" என்றுவிட்டுப் போனாள். என்னதான் மிஷின் என்று பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணமும் அவளுக்கு இருந்தது. அதை மறைத்துச் சொல்வதற்கில்லை.

பாலத்தைத் தாண்டியதும் தெய்வசிகாமணியே பைக்கில் வந்து முன்னே போனார். நேர் வழி இருந்தும் இரண்டு மூன்று தெருக்கள் சுற்றி அழைத்துப் போனது போல அவளுக்குப் பட்டது. புதிதாகக் கட்டிய மாடி வீடு. ஜன்னல்களுக்குப் பால் நிறக் கண்ணாடி. வாசலில் பெயர்ப் பலகை இல்லை, ஆனால் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. எல்லாம் பெண்களின் செருப்பு.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜோடி ஜோடியாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தி இளையவள், ஒருத்தி மூத்தவள். யாரும் யாரோடும் பேசவில்லை. அவள் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

உள் அறையில் நீல ரெக்சின் விரித்த கட்டில். பக்கத்து மேசையில் அவள் ஏழு போட்டுக் கொடுத்த லேப்டாப். அதிலிருந்து ஒரு வயர். வயரின் முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைக் கருவி, அதன் நுனி லேசாக வளைந்திருந்தது. அருகே கூர்மூக்கு பாட்டிலில் கண்ணாடி போன்ற களிம்பு.

சரிதாவுக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. தன் மகளைச் சுமந்தபோது இந்தக் களிம்பின் குளிர்ச்சி அவள் வயிற்றில் பட்டிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைச் சுவரில், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை, சொல்வது குற்றம் என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருந்தார்கள். இந்தச் சுவரில் சாமி படம் மட்டும்தான் இருந்தது.

"சீக்கிரம் பாரும்மா. தூரத்துலேர்ந்து வந்தவங்க ஒக்காந்திருக்காங்க" என்றார் தெய்வசிகாமணி. "இது கர்ப்பப் பை கட்டி பாக்குற மிஷின்" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார்.

லேப்டாப் முன் உட்கார்ந்தாள். கோளாறு என்ன என்று பார்த்த நிமிடமே புரிந்துவிட்டது. கருவியின் டிரைவர் சாஃப்ட்வேரில் கம்பெனியின் முறையான டிஜிட்டல் கையெழுத்து இல்லை, அதனால் விண்டோஸ் அதை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போது எஃப் எட்டு பட்டனை அழுத்தி, வரும் பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். கருவி உயிர் பெற்றுவிடும்.

அவள் அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுத்தவில்லை.

கூடத்தில் யாரோ குரலை உயர்த்தினார்கள். இன்னும் எவ்வளவு நேரம், பஸ் போய்விடும் என்று ஒரு அம்மாள் சத்தம் போட, தெய்வசிகாமணி சமாதானம் செய்ய வெளியே போனார். அந்த இடைவெளியில் ஒரு பெண் கதவோரம் வந்து நின்றாள். இருபத்திரண்டு வயதிருக்கலாம். நைலான் புடவைக்குள் தெரிந்த வயிற்று மேட்டை முந்தானையால் மூடியிருந்தாள்.

"மிஷினு ரிப்பேராக்கா?"

"ஆமா."

"ரிப்பேராவே இருக்கட்டும்க்கா" என்றாள் மிக மெல்லிய குரலில். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. இதுவும் பொண்ணுன்னு சொல்லிட்டாங்கன்னா..."

"ஆதிலட்சுமி!" என்று கூடத்திலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. "அங்க என்னாடி பண்ற?"

"தண்ணி கேக்க வந்தேன் அத்தை" என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

தெய்வசிகாமணி திரும்பி வந்தபோது சரிதா லேப்டாப்பை மூடியிருந்தாள்.

"போர்டுல கோளாறு சார். இங்க வெச்சி பாக்க முடியாது. லேப்டாப்பும் மிஷினும் ரெண்டுமே கடைக்கு வரணும்."

"லேப்டாப்ப எடுத்துட்டுப் போ. மிஷினு எதுக்கு?"

"செருகிப் பாக்காம ரெடியாச்சான்னு எப்படித் தெரியும்?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை எல்லாம் கழன்று விழுந்திருந்தது. "கதவாண்ட யாரு நின்னா? என்னா கேட்டா?"

"தண்ணி எங்கன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னேன்."

வெளியே மறுபடி சத்தம் எழுந்தது. வேறு வழியில்லாமல் கருவியை ஒரு துணிப்பையில் சுற்றிக் கொடுத்தார். வாசல் வரை வந்தார். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது செல்போனை எடுத்து நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொண்டார்.

"சும்மா, ஒரு ஞாபகத்துக்கு" என்றார் சிரித்தபடி.

பாலத்தில் வரும்போது பின்னால் வரும் ஒவ்வொரு பைக்கும் தன்னைத்தான் தொடர்கிறது என்று சரிதாவுக்குத் தோன்றியது. கடைக்கு வந்து பையைப் பிரித்துக் காட்டியதும் ஜலால் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போன்ல சொல்லாத சரிதாம்மா. எவன் எடுப்பான், எவன்கிட்ட சொல்லுவான்னு தெரியாது. நேராப் போலாம். நானும் வரேன்."

சுகாதாரத் துறை அலுவலகத்தில் ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் முதலில் கேள்வி கேட்டது சரிதாவைத்தான்.

"நீங்கதானே பழைய விண்டோஸ் போட்டுக் குடுத்தது? எதுக்குன்னு தெரியாமயா போட்டீங்க?"

"அச்சு மிஷினுன்னு சொன்னாரு மேடம்."

"நம்புனீங்களா?"

நம்பவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் நம்பாமலே போட்டுக் கொடுத்தாள் என்று எழுத்தில் வந்தால் அது எங்கே கொண்டுபோய் விடுமோ! இந்த டாக்டரம்மாவுக்கும் அந்த ஆளுக்கும் பழக்கம் இருக்குமோ என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். இவளும் அவனும் கூட்டோ என்று டாக்டரம்மா யோசித்துக்கொண்டிருந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் போலீஸுக்கும் சொல்லி, அந்த ஆள் இந்தக் கருவி தன்னுடையது என்று தன் வாயால் சொல்லி வாங்க வேண்டும், அதற்குள் அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று முடிவானது.

சாயங்காலமே தெய்வசிகாமணி கூப்பிட்டார்.

"ரெடியா? படம் வருதா? ஒரு படம் எடுத்து அனுப்பு."

டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு சரிதா எஃப் எட்டை அழுத்தினாள். கருவியின் விளக்கு எரிந்தது. ஜலால் பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னங்கையை நீட்டினார். களிம்புக்குப் பதிலாக அவருடைய தலைக்குத் தடவும் ஜெல். திரையில் சாம்பல் நிறத்தில் அலையலையாக ஏதோ எழுந்தது.

"என் கைல என்னம்மா தெரியுது?"

"எலும்பு பாய்."

அதைப் படம் பிடித்து அனுப்பினாள். மறுநாள் காலை ஆட்டோ டிரைவர் ஒருவர் வந்து நின்றார். தெய்வசிகாமணி சார் லேப்டாப்பை வாங்கி வரச் சொன்னாராம்.

சாதாரண உடையில் வந்து, உடைந்த போனோடு கடையில் உட்கார்ந்திருந்த பெண் போலீஸ் சரிதாவை நிமிர்ந்து பார்த்தார். சரிதா தெய்வசிகாமணிக்குப் போன் போட்டாள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்கு ஏற்படவில்லை.

"குடுத்து அனுப்புறேன் சார், எனக்கொண்ணும் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஒரு பட்டன் அழுத்தி, லிஸ்டுல கரெக்டான வரிய எடுக்கணும். இல்லன்னா மறுபடியும் மிஷின ஏத்துக்காது. ஏழுல அப்படித்தான். நீங்க வந்தா ஒரு தடவை சொல்லிக் குடுத்துடுவேன்."

"போன்ல சொல்லு."

"சொல்றேன் சார். தப்பா அழுத்திட்டு மறுபடியும் அரியாங்குப்பத்துக்கு வா வான்னா என்னால வர முடியாது. கடைய வுட்டுட்டு எத்தன தடவை வர்றது?"

அந்தச் சலிப்பு நிஜமாகவே இருந்ததால் அவர் நம்பினார் போலிருக்கிறது. அரை மணி நேரத்தில் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்று கடையை ஒரு சுற்று பார்த்தார். உடைந்த போன் பெண்ணைப் பார்த்தார். ஜலால் பாயைப் பார்த்தார். ஜலால் பாய் ஒரு போன் திரைக்கு ஸ்க்ரீன்கார்டை ஒட்டுவது போல, ஒட்டிய கார்டையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க யாரு?"

"பாய் கடைக்கு போன் குடுக்க வந்தவங்க. நீங்க ஒக்காருங்க சார். எஃப் எட்டு, இங்க இருக்குது பாருங்க."

உட்கார்ந்தார். அவரே அழுத்தினார். வரியை அவரே தேர்ந்தெடுத்தார். கருவியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, திரையில் படம் வந்ததும் முகம் மலர்ந்து, "இது இல்லாம இத்தன நாளா எனக்குப் பொழப்பே ஓடலம்மா" என்றார்.

அவர் தோளில் கை விழுந்தது. அவர் அந்தப் பெண் போலீஸைப் பார்க்கவில்லை. சரிதாவைத்தான் பார்த்தார்.

அதன் பிறகு அவளை மூன்று முறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான், எதற்கு என்று தெரியாமலா போட்டுக் கொடுத்தாய் என்று. கடைசி முறை, "சந்தேகம் இருந்தது, ஆனாலும் போட்டேன்" என்றே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு இரவில் கொஞ்சம் தூக்கம் வந்தது. தெய்வசிகாமணி ஜாமீனில் வெளியே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது அந்தத் தூக்கமும் போயிற்று. கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. கடைக்கு வரும் புதிய ஆட்களிடம் எதற்கு, ஏன் என்று அவள் துருவித் துருவிக் கேட்பதால் சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும் என்று இருக்கிறாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் டாக்டரம்மாவே ஒரு நாள் போன் செய்தார். அந்த வீட்டுக்கு வந்திருந்த பெண்களை, அந்த ஆளுடைய செல்போன் நம்பர்களை வைத்து ஊர் ஊராகக் கண்டுபிடித்து நர்ஸ்கள் பார்த்து வந்தார்களாம். ஆதிலட்சுமி தன் அம்மா வீட்டில் இருக்கிறாளாம்.

"போன வாரம் பிரசவம் ஆச்சு" என்றார்.

என்ன குழந்தை என்று கேட்க வாயெடுத்த சரிதா, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"நல்லா இருக்காங்களா மேடம், ரெண்டு பேரும்?"

"நல்லா இருக்காங்க" என்றார் டாக்டரம்மா.