கைப்பிள்ளைகளை யார் பார்ப்பது

ஆவடியில் பட்டாளத்து முகாம் கட்டத் தொடங்கிய வருஷம், முத்தாபுதுப்பேட்டைச் சேரியில் எல்லம்மாவின் புருஷன் வாந்திபேதியில் செத்துப்போனான். அதுவரை இருவரும் பண்ணை வயலில் உழைத்துக் கிடைத்த நெல்லில் வயிறு கழுவினார்கள். வயல்களில் பாதி முகாமுக்குப் போய்விட்டதால் அந்த வேலையும் நின்றது. மண் சுமக்கப் பெண்கள் வேண்டும் என்று முகாமிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் எல்லம்மா கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். கைப்பிள்ளை வீரனைப் பார்த்துக்கொள்ள மூத்தவள் வேம்புவைத் தவிர வீட்டில் யாரும் இல்லை.

வேம்பு அப்போது மூன்றாம் வகுப்பு. சேரிப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் வைத்திருந்த ஓலைக்கொட்டகைப் பள்ளியில் படித்தாள். படிப்பென்றால் அவளுக்கு உயிர். பள்ளியை விட்டு நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். சம்பத் வாத்தியார் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

இதைப் பார்த்து, அதே காரணத்தால் வீட்டில் அடைந்து கிடந்த மற்றப் பெண்களும் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாத்தியாரே கொட்டகை விட்டத்தில் ஒரு தூளி கட்டிக் கொடுத்தார். அழுகைக்கும் மூத்திரத்துக்கும் நடுவில் வாய்ப்பாடு நடந்தது.

ஒருநாள், எல்லம்மாவோடு மண் சுமக்கும் பொன்னியம்மாவின் குழந்தை பலப்பத் துண்டை எடுத்து விழுங்கப் பார்த்தது. தொண்டையில் அடைத்து, கண் செருகி, முகம் நீலம் பூத்துவிட்டது. வாத்தியார் அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டத் தட்ட, பலப்பம் தெறித்து விழுந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுநாள் காலை வாத்தியார் பள்ளி வாசலில் நின்றுகொண்டார்.

"கைப்பிள்ளையோட யாரும் உள்ள வரக்கூடாது."

பெண்கள் எல்லாரும் திரும்பிப் போனார்கள். அன்று முதல் பள்ளியில் பையன்கள் மட்டும்தான்.

அதையும் அவரால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேரிக்கு வந்து எல்லம்மாவின் குடிசை முன் நின்றார்.

"உன் பொண்ணு நல்லாப் படிக்கிறவ எல்லம்மா. வீணாக்கிடாதே."

"நானா சாமி வீணாக்கறேன்? புள்ளய ஊட்ல உட்டுட்டு வரச் சொல்றீங்க. ஊட்ல யாரு கீறாங்க?"

வாத்தியார் அதோடு திரும்பிப் போனார். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி எல்லம்மாவை விடவில்லை. மறுநாள் முகாமில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது மற்றப் பெண்களிடம் சொன்னாள்.

"நம்பள்ல ஒருத்தி தெனம் வேலைக்கு வராம நின்னு எல்லாப் புள்ளைங்களயும் பாத்துகினா இன்னா? மொற வெச்சிக்கலாம்."

"நின்னவ அன்னிக்கு இன்னாத்த துன்றது?" என்றாள் பொன்னியம்மா.

"நம்ப கூழ்ல ஆளுக்கொரு அகப்ப ஊத்தலாம். நம்ப பொண்ணுங்களும் நம்ப மாரியே மண்ணு சொமக்கணுமா?"

பொன்னியம்மா கஞ்சியைக் குடித்து முடித்தாள். பிறகு, "மொத நாளு நான் நிக்கறேன்," என்றாள்.

சேரியின் ஓரத்துப் புளியமரத்தடியில் குழந்தைகள் கூடின. தாய்மாரில் ஒருத்தி அவர்களைப் பார்த்துக்கொள்ள, பெண்பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். வேம்பு நான்காம் வகுப்புக்குப் போனாள். பொழுது சாய்ந்ததும் அவள் பாடத்தை உரக்கப் படிக்க, எல்லம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். ஒன்றும் புரியாது. ஆனாலும் கேட்பாள்.

முகாமில் வேலை வாங்கும் மேஸ்திரி ஜம்புலிங்கத்துக்கு இந்த ஏற்பாடு தெரிய வந்தது.

"தெனம் ஒருத்தியா நின்னா எனக்கு வேல எப்பிடிமே ஓடும்? மேலேர்ந்து என்னியக் கேக்கறான். இனி ஒரு நாளு நிக்கறவ ஒரேடியா நின்னுக்க வேண்டியதுதான்."

எல்லம்மா அவன் காலில் விழாத குறையாகக் கேட்டாள். அவன் மனம் கரையவில்லை. அன்றே அவள் முடிவு செய்தாள்.

"நானே நின்னுட்றேன். என் ஊட்டு அடுப்ப நீங்க பாத்துக்குங்க," என்றாள் மற்றவர்களிடம்.

அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சொன்ன சொல்லை யாரும் மீறவில்லை. ஆனால் வேம்பு ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருஷத்து மழைக்காலத்தில் அரிசி கண்ணில் படாமல் போயிற்று. பர்மா அரிசி வருவது நின்று போயிருந்தது, கேழ்வரகும் கிடைக்கவில்லை. எல்லம்மாவின் சட்டிக்கு வந்த அகப்பை கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. கடைசியில் ஒருநாள் பொன்னியம்மா வெறும் நீச்சத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றாள்.

"போதும்டி. உன் புள்ள வவுத்துல அடிச்சி என் புள்ளைங்களுக்கு ஊத்தாதே," என்று எல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள்.

புளியமரத்தடி காலியாயிற்று. குழந்தைகள் அக்காமார்களின் இடுப்புக்குத் திரும்பின. மேஸ்திரியிடம் கெஞ்சி மறுபடி வேலைக்குச் சேர்ந்த எல்லம்மா மட்டும் வீரனை முகாமுக்கே தூக்கிப் போனாள். கல் ஏற்றும் லாரிகள் போகும் பாதை ஓரத்தில் ஒரு வேப்பங்கன்றில் தூளி கட்டினாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் வேம்பு அங்கே வந்து நின்றாள். தூளிக்குப் பக்கத்தில் ஒரு லாரி பின்னோக்கி வந்து திரும்புவதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தம்பியை வாரி எடுத்தாள்.

"நான் படிக்கல. இவன நானே பாத்துக்கறேன்."

எல்லம்மா மகளை அறைந்தாள். அதுவரை அவள் வேம்புவை அடித்ததே இல்லை.

"அத்தினி பேர் வாய்க்கூழக் குடிச்சிட்டு உன்ன படிக்க வெச்சேன். போடி பள்ளிக்கோடம்!"

வேம்பு போனாள். ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரே பெண் அவள்தான். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் அவள் காது லாரிச் சத்தத்தையே தேடும். வீரனுக்கு ஒன்றும் நேரவில்லை. அவளும் தேறினாள்.

ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிந்தது. மேலே படிக்கப் பூந்தமல்லிக்குப் போக வேண்டும். சம்பத் வாத்தியார் தாமே அங்கே நடந்து போய்க் கேட்டார். பையன்களுக்குத்தான் விடுதி இருக்கிறது என்றார்கள். சேரிப் பெண்ணுக்கு இடம் கொடுக்க அந்த ஊரிலும் எந்த வீடும் முன்வரவில்லை. திரும்பி வந்து எல்லம்மாவிடம் அதைச் சொன்னார்.

"உங்களால ஆனத செஞ்சீங்க சாமி," என்றாள் எல்லம்மா.

தை பிறந்த பிறகு வேம்பு தாயோடு முகாமுக்குப் போனாள். பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு செய்து, மகள் தலையில் வைத்து, அது நழுவாதபடி எல்லம்மா திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். எதிரே நின்ற பெண் மண் நிறைந்த கூடையைத் தூக்கினாள். எல்லம்மா மறுபுறம் கை கொடுத்து, அதை மெதுவாக மகள் தலையில் இறக்கினாள்.