பச்சைப் புள்ளி

ரோண்டா நியெமிக்குக் கோபம் புதிதல்ல. அமெரிக்காவின் டுலூத் நகராட்சியில் பனி தள்ளும் லாரியைப் பல குளிர்காலங்களாக ஓட்டுகிறவள் அவள். மேட்டுத் தெருக்களில் பாதையை மறித்து நிறுத்தப்பட்ட கார்களைத் திட்டித் திட்டியே குரல் கரகரத்துப் போயிருந்தது. ஆனால் அதெல்லாம் வாயோடு வந்து வாயோடு போகிற கோபம். தங்கை கிறிஸ்டாவின் மேல் வந்தது அந்த வகை இல்லை.

அவர்களுடைய அம்மா நாற்பத்தாறு வயதில் சினைப்பைப் புற்றுநோயில் இறந்தாள். பெரியம்மாவுக்கு மார்பில் வந்தது. அதனால் நாற்பது தாண்டியதிலிருந்தே ரோண்டா ஆண்டுதோறும் மார்பக ஸ்கேனான மேமோகிராம் எடுக்கப் போய்வந்தாள். விரும்பிப் போகவில்லை. முடிவு வரும்வரை சோறு இறங்காது, கணவன் டேல் எது கேட்டாலும் சிடுசிடுப்பாள். இந்த இரண்டு புற்றுநோயும் ஒரே மரபணுக் கோளாறால் வரலாம் என்று, டாக்டர் ஒவ்வொரு முறையும் மரபணுப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்வார். "பனி முடியட்டும், வர்றேன்" என்பாள். பனி முடிந்தால் மீன்பிடிக்கப் போய்விடுவாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு கிறிஸ்டா இரண்டு வெள்ளைப் பெட்டிகளோடு வந்தாள். ஒன்று தனக்கு, ஒன்று அக்காவுக்கு. செருப்புக் கடை வேலை போனபின் அவள் ப்ரைஸ் ஹால்வர்சன் என்பவரின் நலவாழ்வு மையத்தில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்குப் பேச்சு ப்ரைஸ்தான்.

"இந்தக் குழாய்ல துப்பு" என்றாள்.

"ஏன், என் எச்சிய ஃபிரேம் போட்டு மாட்டப் போறியா?"

"சும்மா இருடி. இத அனுப்பினா உன் ஜீன்ல என்ன இருக்குன்னு வந்துடும். உனக்கு எது சாப்பிட்டா ஒத்துக்கும், என்ன எக்சர்சைஸ் பண்ணணும், எப்ப தூங்கணும், எல்லாம் வரும். அத வெச்சு ப்ரைஸ் உனக்குன்னே தனியா பிளான் போட்டுத் தருவாரு."

"எப்ப தூங்கணும்னு எனக்கே தெரியும். லாரிய நிறுத்தினதும் தூங்கணும்."

டேல் சிரித்தான். கிறிஸ்டா சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு வந்தது நமக்கு வருமான்னும் அதுல தெரியும்" என்றாள் மெதுவாக.

ரோண்டா துப்பினாள்.

முடிவுகள் வந்தபோது ப்ரைஸ் தன் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார். ஜனவரியிலும் வெயில் பட்ட நிறத்தில் இருந்தார். திரையை அவர்கள் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாகச் சொன்னார். பால் ரோண்டாவுக்கு ஒத்துக்கொள்ளாதாம். பிறந்ததிலிருந்து பால் குடித்து வளர்ந்தவள் அவள். குளிர்ந்த நீரில் முங்குவது அவள் உடம்புக்கு நல்லதாம். கடைசியில் மார்பகப் புற்றுநோய் என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி இருந்தது.

"அம்மாவுக்கு இருந்துச்சே?" என்று கேட்டாள் ரோண்டா.

"அம்மாவோட கதை அம்மாவோடது. உங்க ஜீன் கிளீன்."

"வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வரச் சொல்றாங்களே?"

"அது எல்லாருக்கும் பொதுவா சொல்றது. நீங்க எல்லாரும் இல்ல, ரோண்டா. நீங்க நீங்கதான். தேவையில்லாத கதிர்வீச்ச எதுக்கு உடம்புக்குள்ள விடணும்?"

கிறிஸ்டா அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கும் பச்சைப் புள்ளிதான். வெளியே வந்து காரில் உட்கார்ந்து இருவரும் அழுதார்கள். அம்மா போனபின் அவர்கள் அப்படிச் சேர்ந்து அழுதது அன்றுதான்.

ரோண்டா பாலை நிறுத்தினாள். ஏரியில் முங்கினாள். உடம்பு லேசாக இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்தாள். மருத்துவமனையிலிருந்து ஸ்கேனுக்கு நினைவூட்டக் கூப்பிட்டபோது, "ஜீன் டெஸ்ட் பண்ணிட்டேன், எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்தாள். மறு வருடமும் அப்படியே சொன்னாள்.

மூன்றாம் வருட மார்ச்சில், லாரியின் சீட் பெல்ட் இடது மார்பில் உரசிய இடத்தில் வலித்தது. தொட்டுப் பார்த்தாள். கட்டி இருந்தது.

புற்றுநோய்தான், அக்குளுக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். மருத்துவமனையில் முறையாக மரபணுப் பரிசோதனை எடுத்தார்கள். முடிவைச் சொன்னவள் மாய் வாங் என்ற மரபணு ஆலோசகர், ரோண்டாவை விட வயதில் மிகவும் சின்னவள்.

"உங்க ஜீன்ல ஒரு தப்பு இருக்கு. உங்க அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கு" என்றாள் அவள்.

"இல்லையே. எனக்கு டெஸ்ட் பண்ணாங்க. பச்சைன்னு வந்துச்சு."

ரோண்டா கைபேசியில் அந்த அறிக்கையைத் திறந்து நீட்டினாள். மாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ஜீன்ல தப்பு ஆயிரக்கணக்கான எடத்துல வரலாம். இந்தப் பெட்டிக்காரங்க அதுல கொஞ்சம் எடத்த மட்டும்தான் பாக்கறாங்க. உங்க குடும்பத்துல இருக்கறது அவங்க பாக்காத எடத்துல இருக்கு."

"அப்ப இந்தப் பச்சை?"

"அவங்க தேடின எடத்துல இல்லன்னு அர்த்தம். உங்ககிட்ட இல்லன்னு அர்த்தம் இல்ல."

"இத எங்கயாவது சொல்லியிருக்காங்களா?"

"கீழ சொல்லியிருக்காங்க. சின்ன எழுத்துல."

ரோண்டா விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். இருந்தது. டாக்டரைக் கேட்காமல் சிகிச்சையையோ பரிசோதனையையோ மாற்றக் கூடாது என்றுகூட இருந்தது. அவளுக்கு முகம் எரிந்தது. வீட்டுக் கடன் பத்திரத்தைக் கூட அவள் இதைவிடக் கவனமாகப் படித்திருந்தாள். ஆனால் அவளாவது படிக்கத்தான் இல்லை. எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டிய ஆள் அந்த இடம் வந்ததும் திரையை மூடியிருந்தான்.

"உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள் மாய். "அவங்களுக்கு இருக்கறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சீக்கிரம் வந்து பாத்துக்கச் சொல்லுங்க."

அன்று மாலையே கிறிஸ்டாவுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ பிளான ஒழுங்கா பண்ணல" என்றாள் கிறிஸ்டா.

"என்ன சொன்ன?"

"பீர் குடிச்ச. ராத்திரி ராத்திரியா வண்டி ஓட்டின. எல்லார்கிட்டயும் கத்தின. ஸ்ட்ரெஸ்ஸே கேன்சர எழுப்பி விட்ரும்னு ப்ரைஸ் சொல்றாரு. எனக்கு எந்த டெஸ்ட்டும் வேணாம். எனக்குத்தான் பச்சைன்னு வந்திருக்கே."

ரோண்டா போனைச் சுவரில் எறிந்தாள்.

அதன்பின் பேச்சில்லை. கீமோ தொடங்கியது. முடி கொட்டியது, நகம் கறுத்தது, நாக்கில் இரும்பு ருசி ஒட்டிக்கொண்டது. கிறிஸ்டா வாசலில் மையத்தின் சத்துப் பொடி டப்பாக்களை வைத்துவிட்டு மணியடிக்காமல் போவாள். ரோண்டா அவற்றைத் தெருவில் வீசுவாள். வாந்தி எடுத்துவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் தங்கையின் குரல்தான் காதில் கேட்டது. கத்தினேனாம். கத்தினதால் வந்ததாம்.

ஒருநாள் டேல் சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "கிறிஸ்டாவுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"அவ போன்ல என்ன சொன்னான்னு உனக்குத் தெரியாது."

"தெரியும். நீ ஸ்பீக்கர்ல போட்டிருந்த."

"அப்புறமும் எனக்குப் புத்தி சொல்றியா?"

"சொல்லல. கோபத்த விட்டுடுன்னும் சொல்லல. கோபத்தோடயே போய்ச் சொல்லுன்றேன். அந்தப் புள்ளைங்க உன்கிட்ட என்ன தப்பு பண்ணுச்சு?"

அந்தச் சனிக்கிழமை காலை ரோண்டா தொப்பி கூடப் போடாமல் மொட்டைத் தலையோடு காரை எடுத்தாள்.

மையத்தில் புதியவர்களுக்கான கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பெரும்பாலும் பெண்கள். கிறிஸ்டா கீரைச்சாற்றுக் கோப்பைகளை நீட்டிக்கொண்டிருந்தாள். ப்ரைஸ் முன்னால் நின்று, உடம்பு தன் ரகசியத்தைச் சொல்லக் காத்திருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரோண்டா நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து போனாள். கிறிஸ்டாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

"ரோண்டா!" என்றார் ப்ரைஸ், இரண்டு கைகளையும் விரித்து. "உங்களத்தான் நினைச்சுட்டே இருந்தோம். உக்காருங்க."

"உக்கார வரல. எனக்கு ரிப்போர்ட்ட வாசிச்சுக் காட்டினது நீங்கதான?"

"உள்ள போய்த் தனியா பேசலாமே."

"போன தடவ தனியாத்தான் பேசினோம். அதான் இப்படி நிக்கறேன்."

"நாங்க தர்றது மருத்துவ ஆலோசனை இல்லன்னு ரொம்பத் தெளிவா…"

"ஸ்கேனுக்குப் போக வேணாம்னு சொன்னியா, இல்லையா?"

ப்ரைஸின் சிரிப்பு அப்படியே இருந்தது.

"அப்படி நான் சொல்லவே இல்ல. அது உங்க முடிவு, உங்க உடம்புன்னுதான் சொன்னேன். நீங்க இப்ப ரொம்பக் கஷ்டத்துல இருக்கீங்க, எனக்குப் புரியுது. உங்களுக்குன்னே ஒரு மீட்சி பிளான் போட்டுத் தர்றோம். வாழ்நாள் முழுக்க, எங்க அன்பளிப்பா."

"வாழ்நாள்" என்றாள் ரோண்டா. "அது எவ்வளவு நீளம்னு உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லு. அதுலயும் பச்சை வருதான்னு பாக்கலாம்." அவருடைய மடிக்கணினியை ஓங்கி அறைந்து மூடினாள். உள்ளே ஏதோ உடைந்தது. "ரெண்டு வருஷம்டா! ரெண்டு ஸ்கேன்! சின்னதா இருக்கறப்பவே பிடிச்சிருப்பாங்க. நான் ஐஸ் தண்ணில முங்கிட்டுக் கெடந்தேன்!"

"நான் சொல்லாதத எல்லாம் நீங்க…"

"சொன்னீங்க."

கிறிஸ்டாதான். தட்டை மேசையில் வைத்துவிட்டாள்.

"சொன்னீங்க, ப்ரைஸ். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். தேவையில்லாத கதிர்வீச்சுன்னு சொன்னீங்க. எனக்கும் சேத்துத்தான் சொன்னீங்க. நானும் போறதில்ல."

"கிறிஸ்டா, யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுதான் பேசறேன். இவ்வளவு நாளாத்தான் யோசிக்கல."

சில பெண்கள் கோட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சிலர் எழவில்லை. அவர்களும் ரோண்டாவின் தலையைப் பார்த்தார்கள், மூடிக் கிடந்த மடிக்கணினியைப் பார்த்தார்கள், பிறகு மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் கிறிஸ்டா பின்னால் ஓடிவந்தாள். ரோண்டா திரும்பினாள். தங்கை தன் பக்கம் பேசியதில் அவளுக்குக் கொஞ்சமும் மனம் குளிரவில்லை.

"இப்ப வாயத் தொறக்கற! போன்ல என்னடி சொன்ன எனக்கு? நான் கத்தினேன், அதனால வந்துச்சா?"

"பயந்துட்டேன், ரோ."

"நீ பயந்த. எனக்கு வந்துச்சு."

"அதான் சொல்றேன். உனக்கு வந்தா எனக்கும் வரும். உன் தப்பால வந்துச்சுன்னா எனக்கு வராதுல்ல? அப்படி நினைச்சாத்தான் ராத்திரி தூங்க முடிஞ்சுது." கிறிஸ்டாவின் மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை. "பொண்ணுங்க மொகத்தப் பாத்தா அம்மா படுத்துக் கெடந்ததுதான் ஞாபகம் வருது."

ரோண்டா மாய் வாங்கின் எண்ணைத் தன் கைபேசியில் போட்டு, விடுமுறை நாளில் ஒலித்த பதிவுக் குரலிடம், பரிசோதனைக்காகத் தங்கையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பிறகு காரின் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

கிறிஸ்டா மருத்துவமனைக்குப் போனாள். மையத்துக்கு மறுபடி போகவில்லை. ரோண்டா ப்ரைஸின் மேல் மாநில அரசின் நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். கிறிஸ்டா சாட்சி சொன்னாள். விசாரித்தார்கள். சின்ன எழுத்து அவனைக் காப்பாற்றியது. விளம்பரப் பலகையிலிருந்து புற்றுநோய் என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். அந்த இடத்தில் ஒரு மலையின் படத்தை வைத்தான். சனிக்கிழமைகளில் அங்கே இன்னும் கார்கள் நிற்கின்றன.

ரோண்டாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, காயத்தின் நீரை வடிக்க வைத்திருந்த குழாயை எடுத்த வாரம், கிறிஸ்டா வீட்டுக்கு வந்தாள். இந்த முறை மணியடித்தாள். ரோண்டாதான் கதவைத் திறந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இல்ல" என்றாள் கிறிஸ்டா. "எனக்கு இல்ல. பொண்ணுங்களுக்கும் என் வழியா வராதாம்."

ரோண்டா ஒற்றைக் கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தோளில் முகம் புதைத்து, நல்லது, நல்லது என்று சொன்னாள். அது உண்மையாகத்தான் இருந்தது. அதன் அடியிலேயே இன்னொன்றும் குமுறிக்கொண்டு மேலே வந்தது. அவள் தங்கையைத் தள்ளி நிறுத்தினாள்.

"நீ கொஞ்ச நேரம் வெளிய போ. நான் கத்தணும்."

"எதுக்கு வெளிய போகணும்? என் முன்னாலயே கத்து."

ரோண்டா கத்தினாள். அம்மாவைத் திட்டினாள், ப்ரைஸைத் திட்டினாள், படிக்காமல் விட்ட தன் கண்ணைத் திட்டினாள். உனக்கில்லை, எனக்கு மட்டும் ஏன், உன் பெட்டிதானே, நீதானே துப்பச் சொன்னாய் என்று கத்தினாள். தையல் இழுத்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. டேல் கராஜிலிருந்து கையில் திருப்புளியோடு ஓடிவந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டான். கிறிஸ்டா நகரவில்லை. ஒன்றையும் மறுக்கவில்லை.

மூச்சு வாங்கியபின் ரோண்டா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் தீரல" என்றாள்.

"தெரியும்."

"திங்கக்கெழம ரேடியேஷன் ஆரம்பிக்கறாங்க. டேலுக்கு வேலை இருக்கு. தெனமும் நீதான் வண்டி ஓட்டணும். வழியெல்லாம் திட்டுவேன்."

"எத்தன மணிக்கு வரட்டும்?" என்றாள் கிறிஸ்டா.